மில்லு உனக்குத்தான்

அந்த வருடம் நடந்தவை, வரிசைப்படி:

1. முதல் அழைப்பு. மோட்டார் ஓடவில்லை என்றார்கள். மலைக்கு மேலே போய்ப் பார்த்தேன். மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டை இல்லை. ராகி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து மாட்டினேன். ஓடியது.

2. இரண்டாம் அழைப்பு. பெல்ட் கழன்றுவிட்டது என்றார்கள். கழன்ற பெல்ட் அழகாகச் சுருட்டப்பட்டு ஆணியில் தொங்கியது. தானாகக் கழன்ற பெல்ட் தன்னைத் தானே சுருட்டிக்கொள்ளும் என்று எனக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

3. மூன்றாம் அழைப்பு. மறுபடியும் ஃபியூஸ் கட்டை. இந்த முறை சாமை அளக்கும் படிக்குள் இருந்தது.

4. நான்காம் அழைப்பு. மிஷினில் "ஒரு மாதிரி சத்தம்". அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டேன். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

5. ஐந்தாம் அழைப்பு. ஃபியூஸ் கட்டை. எங்கே என்று நான் கேட்கவில்லை. கையை நீட்டினேன். மில்லுக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஐந்து சர்வீஸ் தாளிலும் 'பழுது ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் அப்போது ராசிபுரத்தில், சிறுதானிய மிஷின் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். கொல்லிமலைப் பக்கம் என் பொறுப்பு. முள்ளுக்குறிச்சி வழியாகப் பஸ்ஸில் மலையேறி, இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து, மலையில் குண்டனி நாடு என்று சொல்லும் பகுதியிலிருக்கும் மில்லுக்காரர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஃபியூஸ் கட்டையை மாட்ட அரை நிமிடம்.

மில்லுக்காரருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மெலிந்த உடம்பு. புருவத்திலும் காதோர முடியிலும் எந்நேரமும் மாவு. அவருடைய பெயர் என் தாளில் இருக்கும். ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மில் என்றால் சாமையும் தினையும் உமி நீக்க ஒரு ஹல்லர், ராகி அரைக்க ஒரு மாவு மிஷின், இரண்டையும் பெல்ட் போட்டு இழுக்க ஒரே ஒரு மோட்டார். சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் அதுதான் மில்.

அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆமாம் என்றும் சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் "பாக்கலாமுங்க" என்பார். டீ குடிக்கிறீர்களா என்றாலும் பாக்கலாமுங்க. டம்ளரைக் கையில் கொடுத்த பிறகும் ஒருமுறை பாக்கலாமுங்க என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

சண்டை வரக்கூடிய இடம் எது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அங்கிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொள்வார். மில் சுவரில் இரண்டு கட்சிக் காலண்டர்களும் ஒரே உயரத்தில் தொங்கும். காற்றில் ஒன்று சாய்ந்துவிட்டால் மற்றதையும் அதே அளவுக்குச் சாய்த்துவைப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூட்டையோடு வந்து நின்றால் யாருக்கு முதலில் என்று அவர் வாயால் வராது. இவர் மூட்டையில் பாதி அரைப்பார். நிறுத்தி, மிஷினைத் துடைத்து, அவர் மூட்டையில் பாதி. மறுபடி இவருடையது, மறுபடி அவருடையது. இரண்டு பேரும் இரண்டு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் சமமாகக் காத்திருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து, இரண்டிலும் மறுசோறு வாங்கிச் சாப்பிடுவார். அன்று சாயங்காலம் மில் ஓடாது. நான் பார்த்த வரையில் அந்த மில்லில் நடந்த உண்மையான பழுது அது ஒன்றுதான்.

ஆறாவது அழைப்புக்குப் போவதற்கு முன்னால் பழைய தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். ஐந்து பழுதும் சனிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை. மின்சாரத்துக்கு வார விடுமுறை கிடையாது. எனவே வேறு காரணம் இருக்க வேண்டும்.

மில்லுக்குப் பின்புறம் அவருடைய மனைவி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"மிஷினுக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்றார், மிளகைக் காலால் பரப்பிவிட்டபடி. "பெரியவன் வார அன்னைக்கு எங்கூட்டுக்காரருக்குத்தான் பீசு போயிருது."

பிறகு விவரமாகச் சொன்னார். மில்லுக்காரருக்கு வருடக்கணக்காக இருமல். இந்த வருடத்தோடு மாவுத் தூசியில் நிற்கவே கூடாது என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மில்லை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். பிள்ளைகள் மூன்று பேர். பெரியவர் சேலத்தில் கட்டட மேஸ்திரி. சின்னவர் மலைக்கும் கீழுக்கும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். நடுவில் ஒரு மகள், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. தினமும் காலையில் வந்து மில்லைத் திறப்பது அவள்தான். ஹல்லரில் சாமை அதிகம் விழுகிறதா குறைவாக விழுகிறதா என்பதை முதுகைக் காட்டிக்கொண்டே சத்தத்தில் சொல்லிவிடுவாள். அது எனக்கே வராது.

பெரியவர் மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். வந்ததும் அப்பாவிடம், "மில்லு விசயமா ஒண்ணு சொல்லோணுமுங்கப்பா" என்று ஆரம்பிப்பார். அடுத்த நிமிடம் மில் நின்றுபோகும். எல்லோரும் மிஷினைச் சுற்றி நின்று தலையைச் சொறிவார்கள். எனக்கு ஃபோன் வரும். பேச்சு அங்கேயே நிற்கும். ஞாயிறு சாயங்காலம் பெரியவர் பஸ் ஏறிவிடுவார். மில்லைத் தனக்கென்று கேட்கத்தான் மகன் வருகிறான், கேட்டால் மற்ற இரண்டும் சும்மா இருக்காது, என்பது மில்லுக்காரரின் கணக்கு.

அவர் அப்படிப் பயந்ததற்குக் காரணம் எதிர்ச் சரிவில் ஓட்டு வீடாக நின்றது. அது அவருடைய அண்ணன் வீடு. அன்றைக்குப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரே என்னிடம் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் சொத்தைப் பிரித்தபோது நிலம் அண்ணனுக்கு, அந்த நிலத்தில் நின்ற பலா மரங்கள் இவருக்கு, பலா மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடி தங்கைக்கு என்று பிரித்தார்களாம். கொல்லிமலையில் அது அதிசயமில்லை என்றார். நாங்கள் கீழே சொத்தைச் சதுர அடியில்தான் பிரிப்போம். எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது. பிரித்த மூன்றாம் வருடம் அண்ணன் தன் காப்பிச் செடிக்கு வெயில் வேண்டுமென்று இவருடைய பலாவின் கிளையை வெட்ட, கிளையோடு தங்கையின் கொடியும் விழுந்தது. பஞ்சாயத்துக் கூடியது. அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் இன்றுவரை தன் ராகியைத் தம்பி மில்லில் அரைப்பதில்லை. மூட்டையை அந்த மில் வாசலில் நிற்கும் பஸ்ஸில்தான் ஏற்றிக் கீழே கொண்டுபோய் அரைத்து வருகிறார். பஸ் கிளம்பும் வரை மூட்டையை மில்லின் நிழலில்தான் வைப்பார்.

இவ்வளவும் நடந்த பிறகு ஒரு மனிதர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? ஒரே பொருளை மூன்றாகப் பிரிக்கக் கூடாது என்று கற்றுக்கொள்வார் என நான் நினைத்தேன்.

"பிரிச்சது தப்பில்லீங்க கண்ணு" என்றார் அவர். "அதை எல்லாரும் இருக்கையில சத்தமாப் படிச்சாங்க பாருங்க, அதுதான் தப்பு."

ஏழாவது முறை அவரே கூப்பிட்டார். ஃபியூஸ் கட்டை அதனிடத்தில் இருந்தது. ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம். மோட்டாரை ஒருவருக்கு, ஹல்லரை ஒருவருக்கு என்று தனித்தனியாக வைத்தால் மிஷினுக்கு ஏதாவது வருத்தம் வருமா?

மோட்டார் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு என்றேன்.

கழட்டப்போவதில்லை, பேருக்குத்தான் என்றார். பிறகு, மில்லில் உள்ள சாமான் ஒவ்வொன்றையும் எழுதித் தரச் சொன்னார். பட்டியல் போடச் சொன்னால் நான் காரணம் கேட்கமாட்டேன். மோட்டார், ஸ்டார்ட்டர், மெயின் போர்டு, ஹல்லர், மாவு மிஷின், பெல்ட், சல்லடை, தராசு, கட்டடம், கூரைத் தகடு என்று பதினான்கு சாமான் வந்தது. நன்றாக இருக்கிறதென்று மடித்து வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை முடிந்து வருடாந்திர சர்வீசுக்குப் போனபோது மிஷின்களில் பொட்டு வைத்திருந்தது. அதில் வியப்பில்லை. ஆனால் பூஜைப் பொட்டு என்றால் திருநீறு, மஞ்சள், குங்குமம் எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கும். இங்கே மோட்டாருக்குக் குங்குமம் மட்டும். ஹல்லருக்கு மஞ்சள் மட்டும். மாவு மிஷினுக்குத் திருநீறு மட்டும். பெல்ட்டில் மூன்றும் வரிசையாக. தராசில் ஒரு தட்டுக்கு மஞ்சள், இன்னொரு தட்டுக்குத் திருநீறு. ஏன் இப்படி என்று கேட்டேன்.

சாமிக்கு வைத்தது என்றார்.

எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. கண்ணில் பட்டதை எழுதுவது என் வேலை. சர்வீஸ் தாளின் கடைசிப் பத்தியில் 'குறி' என்று தலைப்புப் போட்டு, பதினான்கு சாமானுக்கும் எதிரே என்ன பொட்டு என்று எழுதி, வழக்கம்போல அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் வழக்கம்போல மிஷின்களைத் துடைத்தாள். பொட்டெல்லாம் அரைகுறையாக வைத்திருக்கிறதே, அப்பாவுக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, ஒன்றுவிடாமல் மூன்றையும் நிறைவாக வைத்துவிட்டாள். மில்லுக்காரர் சனிக்கிழமை காலையில் வந்து பார்த்திருக்கிறார். அவர் மாதக்கணக்காக யோசித்துப் பிரித்த சொத்து மறுபடியும் ஒன்றாகியிருந்தது.

எனக்கு ஃபோன் வந்தது. "கண்ணு, அந்தத் தாளு உங்ககிட்ட இருக்குதுங்களா?" அந்த மில்லிலிருந்து வந்த எட்டு அழைப்புகளில் மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்லாத இரண்டாவது அழைப்பு அது. குரலில் அவ்வளவு அவசரம் இருந்ததால், ஒரு நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பினேன்.

தாள் மில்லுக்கு வரக் கூடாதென்று அவர் மில்லுக்கு முந்தின பஸ் நிறுத்தத்துக்கே நடந்து போய் எனக்காகக் காத்திருந்தார். நான் பஸ்ஸில் வரவில்லை. வழியில் அவருடைய சின்ன மகன் பார்த்து, பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நேராக மில் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே மிஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஹல்லரில் சாமை கொட்டிக்கொண்டிருந்தாள். பெரியவரும் சேலத்திலிருந்து வந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அரைக்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

நான் செய்த தவறு இது: நகல் கொடுத்தால் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. மில்லுக்காரர் இல்லை. மகளிடம் நீட்டினேன். அவள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை.

அவள் படித்து முடித்தபோது மில்லுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மிஷின் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இதென்னங்கப்பா, பெல்ட்டுக்கு மட்டும் மூணு பொட்டு?" என்று மகள் கத்தினாள்.

"அது எல்லாத்தையும் கட்டிப் பிடிச்சிருக்குதில்ல அம்மிணி. அதனால மூணு பேருக்கும்..." என்று சொல்லி, பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் போதுமான அளவு சொல்லிவிட்டிருந்தார்.

மஞ்சள் மகளுக்கு. குங்குமம் பெரியவருக்கு. திருநீறு சின்னவருக்கு. அடுத்த இரண்டு நிமிடங்களில் மற்றதும் வெளியே வந்தது. பெரியவரைப் பஸ் ஏற்றிவிடும்போது காதோடு, மில்லு உனக்குத்தான், யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறார். சின்னவரிடம் பிக்கப்பில் உட்கார்ந்து அதையே சொல்லியிருக்கிறார். மகளிடம் மாவு கட்டும்போது சொல்லியிருக்கிறார். எதுவும் பொய்யில்லை என்பது அவருடைய எண்ணம். மோட்டாரும் மில்தானே, மாவு மிஷினும் மில்தானே. மூன்று பேரும் ஒரு வார்த்தை வெளியே விடாமல் காப்பாற்றியிருந்தார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் அசல் அவர் பிள்ளைகள்.

சின்னவர் ஏதோ கத்தினார். பெரியவர் எழுந்து அதைவிடச் சத்தமாகக் கத்த ஆரம்பித்தார். மில்லுக்காரர் ஒரு அடி தள்ளி நின்றார். பிறகு இன்னொரு அடி. மூன்றாவது அடியில் மெயின் போர்டு இருந்தது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

அவர் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. மிஷின் ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் சரியாகக் கேட்காது. நின்றால் எல்லாம் கேட்கும்.

"எனக்கு இந்த மில்லே வேண்டாமுங்கப்பா!" என்று மிஷினுக்கு மேலே கேட்பதற்காகப் பெரியவர் போட்ட கத்தல், அமைதியான மில்லில் எல்லோர் நடுவிலும் வந்து விழுந்தது.

அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வருசமா இதைச் சொல்லத்தான் வந்துட்டிருக்கறேன். நான் வாயைத் தொறந்தா மிஷின் நின்னுருது. எனக்குச் சேலத்துல வேலை தலைக்கு மேல கெடக்குது."

சின்னவரும் மெதுவாகச் சொன்னார், மில்லுக்குள் வந்தால் தனக்குத் தும்மல் நிற்பதில்லை, அப்பா வருத்தப்படுவாரென்று சொல்லவில்லை என்று.

மில்லுக்காரர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை என்றால் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. யாருக்கும் கொடுக்காவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. "அப்பச் சரி" என்று ஆரம்பித்தார். "இது நிதானமாப் பாக்கலாமு..."

"என்னத்தைப் பாக்கறது?" என்றாள் மகள். அவள் கத்தவில்லை. "எனக்கு மில்லு வேணுமுங்கப்பா. மோட்டாரு, கட்டடம், எல்லாஞ் சேத்தி. அவங்க வேண்டாங்கறாங்கன்னு எனக்குத் தர வேண்டாம். நாந்தான் ஓட்டறேன், அதனால எனக்குன்னு சொல்லுங்க. காதுல சொன்னது போதும். இவங்க முன்னால சொல்லுங்க. இல்லீன்னா நாளையில இருந்து நான் வரமாட்டேன்."

வாசலில் நின்றவர்கள்கூட மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். மிளகைப் பரப்பிக்கொண்டிருந்த மனைவி பின்வாசலில் வந்து நின்றார். மில்லுக்காரர் தன் கையைப் பார்த்தார். நிறுத்தலாமென்றால் மிஷின் ஏற்கெனவே நின்றிருந்தது. என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். மகள் வராவிட்டால் மில் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதை அவருடைய பெரிய மகன் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய கஷ்டம்.

இருமினார். பிறகு சொன்னார்.

"மில்லு அம்மிணிக்கு."

மறுபடியும் ஒருமுறை, யாரும் கேட்காமலேயே சொன்னார். "பூராவும்."

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் விடவில்லை. "நான் வேண்டாமுன்னுதான் சொன்னேன். எனக்கு இல்லைன்னு நீங்க சொல்லோணுமா?" என்று ஆரம்பித்தார். அங்கிருந்து சண்டை அரை மணி நேரம் நடந்தது. நான் கேட்ட வரையில் பேசப்பட்டவை: யாருக்கு முதலில் சைக்கிள் வாங்கியது, யார் கல்யாணத்துக்குப் பந்தல் சின்னது, யாரைக் கீழே ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தது, விட்ட அன்றைக்கு யார் அழுதது. மனைவியும் சேர்ந்துகொண்டார். அரைக்க வந்த இரண்டு பேரும் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். மில்லுக்காரர் நடுவில் நின்றார். தள்ளி நிற்க இடம் இல்லை.

பிறகு சின்னவர் பசிக்கிறது என்றார். எல்லோரும் பின்னால் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியவர் கோபமாகத்தான் சாப்பிட்டார், ஆனால் மறுசோறு வாங்கினார்.

மில்லுக்காரர் மட்டும் என் பக்கத்தில் நின்றார். சாப்பிடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அவ்வளவுதானுங்களா கண்ணு?" என்றார்.

அவ்வளவுதான் போலிருக்கிறது என்றேன்.

எதிர்ச் சரிவிலிருந்த ஓட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பிடப் போனார்.

அதற்குப் பிறகு நான் வேலை மாறிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். அந்த மகள் எப்போதாவது ஃபோன் செய்கிறாள். அவள் சொன்னதன்படி இப்போதைய நிலை இது. மில் அவள் பெயரில் இருக்கிறது. பெரியவர் இரண்டு மாதம் அவளோடு பேசாமல் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு வந்தார். வந்து, கூரைத் தகட்டைத் தானே ஏறி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சின்னவர் ஊர் ஊராகப் போய் மூட்டை ஏற்றிவருகிறார். மில்லுக்காரருக்கு இருமல் குறைந்திருக்கிறது. உள்ளே வருவதில்லை, வாசலோடு சரி. வாரம் ஒருமுறை அவருக்கும் மகளுக்கும் வாசலில் வைத்துச் சண்டை நடக்கிறது. போன வாரச் சண்டை, ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு விடலாமா கூடாதா என்பது. கூடாது என்று அவர் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை லீவு.